ஒரு சட்டிக் கோழிக்கறியும் அதன் அடிச்சாறும்

தறியை நிறுத்திவிட்டு எழும் வேளையிலேதான் அடுப்பு மூட்டவேண்டிய வேளையும் வந்து சேருகிறது. நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும் இது அன்றாட அனுபவமாகும். பகலெல்லாம் தார் சுற்றிய கைகளே, அல்லது களை பறித்த கைகளே, மாலையில் சமையலையும் ஏற்கவேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி என்றாலோ வேலை இரட்டிப்பாகிறது. மசாலை வறுக்க ஒரு சட்டி, அரைக்க அம்மி அல்லது இயந்திரம், குழம்புக்கு ஒரு பாத்திரம், வறுவலுக்கு மற்றொன்று. பின்னர் இவை அனைத்தையும் துலக்கும் வேலை வேறு. வீட்டார் அனைவரும் இளைப்பாறும் நாளே இல்லத்தரசி மிகுதியாக உழைக்கும் நாளாக முடிவதை நாம் அறிவோம்.

ஆகவே, ஒரே ஒரு சட்டியில், முக்கால் மணி நேரத்திற்குள், மசாலைப் பொடி எதுவுமின்றி நால்வர் உண்ணத்தக்க கோழிக்கறியும், அதன் சாறும் சமைக்கும் முறையை இப்பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம். முறையோடு அதன் காரணத்தையும் கூறுவோம். காரணம் தெரிந்தவருக்கு அளவு சிறிது மாறினாலும் கறி கெடாது.

நெசவாளர் ஊரின் கறி

காவிரியின் ஒரு கரையில் ஈரோடும், எதிர்க்கரையில் பள்ளிபாளையமும் உள்ளன. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளிபாளையம் விசைத்தறிகள் நிறைந்த ஊர். அவ்வூரின் பெயரால் வழங்கும் 'பள்ளிபாளையம் சிக்கன்' இன்று கொங்கு நாட்டு உணவகங்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. கோழி, சின்ன வெங்காயம், வர மிளகாய், மஞ்சள், தேங்காய்ப் பல், எண்ணெய், உப்பு ஆகியவையே இதற்கு வேண்டியவை. கறிவேப்பிலை சேர்ப்போரும் உண்டு. பூண்டு தட்டிப் போடுவோரும் உண்டு. மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு முதலியன இல்லாமலே இது சுவைக்கிறது.

நம் அங்கத்தினருள் உழவர்களாக இருப்போர் இப்பட்டியலைச் சற்று உற்று நோக்குக. வெங்காயம், மிளகாய், மஞ்சள், தேங்காய், எண்ணெய் வித்து ஆகிய யாவும் நம் நிலத்தில் விளைபவை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. உறையில் அடைத்த மசாலைக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல மஞ்சளுக்கும் நல்ல மிளகாய்க்கும் கொடுப்பது இருசாராருக்கும் நன்மையாகும்.

சட்டியும் சாமான்களும்

அகன்ற, அடி கனத்த இரும்பு வாணலியே இதற்கு உகந்தது. கனத்த இரும்பு சூட்டைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும். இறைச்சியைப் போட்டவுடன் ஆறிவிடாது. மெல்லிய அலுமினியச் சட்டியில் அடி ஓரிடத்தில் கருகும், மற்றோரிடத்தில் நிறமே பிடிக்காது. ஒட்டாத பூச்சுள்ள சட்டியில் கறி வேகும். ஆயினும் நாம் பின்னர் கூறப்போகும் அடிச்சாறு அதில் மிகுதியாகக் கிடைக்காது. சட்டிக்குப் பொருந்திய மூடி ஒன்று வேண்டும்.

நால்வருக்கான அளவு:

கோழி இறைச்சி (எலும்புடன், சிறு துண்டுகளாக) – 1 கிலோ
சின்ன வெங்காயம் – 250 கிராம்
வர மிளகாய் (நீளமானது) – 15
தேங்காய் – அரை மூடி, பல்லுப் பல்லாகக் கீறியது
மஞ்சள் தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – ஒன்றரைத் தேக்கரண்டி
நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் – 4 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை – 2 கொத்து

குழந்தைகளும் முதியோரும் உண்பதாயின் மிளகாயைப் பத்தாகக் குறைக்கலாம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியை ஒரே ஈட்டில் போடுதல் ஆகாது. சட்டி நெருக்கமானால் நீர் வற்றத் தாமதமாகி, துண்டுகள் குழையும்.

கழுவலாமா?

பச்சைக் கோழியில் கேம்பைலோபாக்டர், சால்மோனெல்லா முதலிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். குழாயடியில் பிடித்துக் கழுவும்போது நீர் தெறித்து, அக்கிருமிகள் பக்கத்திலுள்ள தட்டு, காய்கறி, உடை ஆகியவற்றில் படிகின்றன. இதனாலேயே பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-ஆம் ஆண்டில் பச்சைக் கோழியைக் கழுவவேண்டாமென்று மக்களைக் கேட்டுக்கொண்டது. கிருமியைக் கொல்வது நெருப்பே. நீர் அதனை இடம் மாற்றுகிறது, அவ்வளவே.

நம் இல்லங்களில் கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாதோர் பலர். அவர்கள் குழாயடியில் பிடிக்காமல், ஆழமான பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, அந்நீரைத் தெறிக்காமல் கொட்டி, பாத்திரத்தையும் இடத்தையும் கைகளையும் சோப்பினால் கழுவிவிட வேண்டும். இறைச்சி வெட்டிய கத்தியால் வெங்காயம் அரிதல் கூடாது. ஆகையால் முதலில் வெங்காயம், தேங்காய், மிளகாய் ஆகியவற்றை ஆயத்தம் செய்துவிட்டு, இறைச்சியைக் கடைசியில் தொடுவதே நல்வழக்கம்.

முதல் நிலை: எண்ணெயும் மிளகாயும்

மிளகாயை இரண்டாகக் கிள்ளி, விதையையும் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையையும் உதறி நீக்குக. காரம் விதையில் உள்ளதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் காரத்தைத் தரும் கேப்சைசின் என்னும் பொருள் அவ்வெண்ணிறத் தசையில்தான் மிகுதி. விதை அதனோடு ஒட்டியிருப்பதால் காரம் பெறுகிறது. இரண்டையும் நீக்கினால், தோலின் நிறமும் மணமும் நமக்குக் கிடைக்கும், காரம் அடங்கியிருக்கும். பதினைந்து மிளகாய் போட்டும் நாக்கு எரியாமைக்குக் காரணம் இதுவே.

வாணலியை நன்கு காயவைத்து எண்ணெய் ஊற்றி, தீயைத் தணித்து, மிளகாயைப் போடுக. மிளகாயின் சிவப்பும் காரமும் நீரில் நன்கு கரையா, எண்ணெயில் கரையும். எனவே எண்ணெயே இங்கு மசாலையாகிறது. மிளகாய் கறுப்பதற்கு முன், கறிவேப்பிலையையும் உரித்த வெங்காயத்தையும் இட்டு, வெங்காயம் கண்ணாடி போல ஆகும்வரை வதக்குக. பிறகு மஞ்சள் தூளைச் சேர்க்கவும். இதற்கு ஏழு நிமிடம் போதும்.

இரண்டாம் நிலை: தன் நீரிலேயே வேகுதல்

இறைச்சியையும் உப்பையும் போட்டுத் தீயைக் கூட்டி, ஐந்து நிமிடம் பிரட்டுக. பின் மூடி, தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் வேகவிடுக. இடையில் இருமுறை கிளறினால் போதும். ஒரு சொட்டு நீரும் ஊற்றவேண்டுவதில்லை. கோழி இறைச்சியில் சுமார் முக்கால் பங்கு நீரே. உப்பும் சூடும் அதனை வெளியே இழுக்கும். மூடியைத் திறந்தால் துண்டுகள் பாதியளவு சாற்றில் கொதித்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்.

நாம் முதன்முதலில் இதனைச் சமைத்தபோது, கறி அடி பிடித்துவிடுமோ என்று அஞ்சி, தொடக்கத்திலேயே ஒரு தம்ளர் நீர் ஊற்றிவிட்டோம். அந்நீர் வற்றுவதற்குள் இறைச்சி நார் நாராகப் பிரிந்தது, நிறமும் ஏறவில்லை. அச்சத்தால் ஊற்றும் நீரே இக்கறியைக் கெடுப்பது என்பதை அன்று கற்றோம்.

கோழியின் எப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் அது உண்ணத் தகுந்ததாகும். கொதிக்கும் சாற்றில் மூடி வேகும் சிறு துண்டுகள் இவ்வெப்பத்தை எளிதில் கடந்துவிடும். ஆயினும் மிகப் பெரிய துண்டை எடுத்து எலும்பருகே கீறிப் பாருங்கள். உள்ளிருந்து சிவந்த நீர் கசிந்தால் இன்னும் சிறிது நேரம் மூடி வைக்கவேண்டும்.

மூன்றாம் நிலை: நிறம் ஏறுதல்

இனி மூடியை அகற்றி, தேங்காய்ப் பல்லைச் சேர்த்துத் தீயைக் கூட்டுக. இதுவரை வெந்தது, இனிதான் சுவை பிறக்கிறது. நீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றியபின் சூடு ஏறி, சுமார் 140 டிகிரியை எட்டும்போது, இறைச்சியின் புரதப் பகுதிகளும் வெங்காயத்திலும் இறைச்சியிலுமுள்ள சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து செம்பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலார் மெய்யார் என்பவர் 1912-ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கினார். ரொட்டியின் மேலோடும், வறுத்த காப்பிக் கொட்டையும், தோசையின் முறுகலும் இவ்வினையாலேயே மணக்கின்றன.

பத்து நிமிடத்தில் சாறு சுண்டி, ஓரங்களில் எண்ணெய் தெளியும். கொதிக்கும் ஓசை மாறிப் பொரியும் ஓசை கேட்கும். இவ்வேளையில் அடுப்பை விட்டு அகலுதல் கூடாது. சட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு படலம் ஒட்டும், அது வேண்டியதே. ஆனால் அது கறுக்கத் தொடங்கினால் கசக்கும். பழுப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஓரிரு நிமிடமே உள்ளது.

நான்காம் நிலை: அடிச்சாறு

துண்டுகளையும் தேங்காயையும் தட்டில் எடுத்துவிடுங்கள். சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது அழுக்கன்று. இறைச்சி, வெங்காயம், மிளகாய் மூன்றின் சத்தும் செறிந்த பகுதி அதுவே. பல இல்லங்களில் இதன்மேல் நீரூற்றி ஊறவைத்துத் தேய்த்துக் கொட்டிவிடுகின்றனர். விலை கொடுத்து வாங்கியவற்றுள் மணம் மிகுந்த பகுதி சாக்கடைக்குச் செல்கிறது.

அரைத் தம்ளர் வெந்நீரை ஊற்றுக. குளிர்ந்த நீர் ஊற்றினால் சட்டியின் சூடு திடீரெனத் தணியும். சட்டுவத்தால் அடியைச் சுரண்டிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால், படலம் முழுதும் கரைந்து, பளபளப்பான செந்நிறச் சாறு கிடைக்கும். உப்புப் பார்த்து இறக்குக. ஐரோப்பியர் சமையலிலும் இதே முறை உண்டு. அவர்கள் நீருக்குப் பதிலாகத் திராட்சை மதுவோ எலும்புச் சாறோ ஊற்றுகின்றனர். வெந்நீரே நமக்குப் போதுமானது.

தக்காளியையும் புளியையும் இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் இரும்பின் வாடை ஏறும். ஆகவே புளிப்பு வேண்டுவோர் எலுமிச்சையைத் தட்டில் பிழிந்துகொள்வது நன்று.

சாற்றில் பாதியைத் துண்டுகளின்மேல் ஊற்றிவிட்டு, மீதியுள்ள சட்டியிலேயே சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டிவிடலாம். நம் தாய்மார்கள் சட்டியை வழித்து உருண்டை பிடித்துக் கொடுத்ததை நினைவுகூராதவர் நம்மில் யார்? அதன் சுவைக்குரிய காரணத்தை இன்று அறிந்துகொண்டோம்.

நாட்டுக்கோழியும் மிச்சமும்

நாட்டுக்கோழியாயின் தசை உறுதியானது. மூடி வேகும் நேரம் முக்கால் மணிக்குக் குறையாது. இடையில் வெந்நீர் தெளித்துக்கொள்ள வேண்டும். மற்ற நிலைகளில் மாற்றமில்லை. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தலாகாது. கோடை வெப்பத்தில் ஒரு மணி நேரமே எல்லை. குளிர்பெட்டி இல்லாத இல்லத்தார் ஒரு வேளைக்கு வேண்டிய அளவே சமைப்பது நல்லது.

அடுப்பிலும் கூட்டுறவு

தறியில் ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற, ஒருவர் பாவு பிணைக்கிறார். மூவரின் உழைப்பும் சேர்ந்தே சேலை ஆகிறது. அடுப்பங்கரையில் மட்டும் எல்லாப் பணியும் ஒருவர் தலையில் விழுவது என்ன நியாயம்? இக்கறியில் அரைக்கும் வேலையில்லை; நெடுநாள் பழகிய கைப்பக்குவமும் வேண்டுவதில்லை. வெங்காயம் உரித்தலைப் பிள்ளைகள் செய்யலாம். சட்டியின் முன் நிற்பதை ஆடவர் ஏற்கலாம். ஒரு சட்டியே ஆதலால், துலக்குதலும் எளிது. இரும்புச் சட்டியைக் கழுவியவுடன் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் துருவேறாது.

மற்றொன்றும் கூறுவோம். பல வீடுகளில் சமைத்தவர் கடைசியில் உண்கிறார். அவருக்குக் கழுத்தெலும்பும் குழம்பின் அடியுமே மிஞ்சுகின்றன. இனி ஞாயிறுதோறும் சட்டியில் பிரட்டிய சோற்றின் முதற்கவளம் அன்று சமைத்தவருக்கே உரியதென்று வீட்டில் ஒரு விதி செய்துகொள்வோமாக. செலவில்லாத விதி இது. ஆயினும் இல்லத்தில் எவர் உழைப்பை எவர் மதிக்கிறார் என்பதை இது காட்டிவிடும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. கோழியில் தொடக்கத்தில் நீர் ஊற்றக்கூடாது என்பதற்குக் காரணம் யாது?
2. மிளகாயின் காரம் எப்பகுதியில் மிகுதி? அதனை எண்ணெயில் முதலில் இடுவது ஏன்?
3. நீர் வற்றும் முன் இறைச்சிக்குச் செம்பழுப்பு நிறம் ஏறாதது ஏன்?
4. உங்கள் இல்லத்தில் சமையலின் எப்பணியை எவர் செய்கிறார்? அதனை எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?

முதல் மூன்று வினாக்களுக்கும் விடை இப்பாடத்தில் உள்ளது. நான்காவதன் விடையை அங்கத்தினர்கள் தம் வீட்டு அடுப்படியில் காணவேண்டும்.