வரைகலையின் அரிச்சுவடி
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

அழகாக எழுதுவது வேறு, பிறருக்கு விளங்கும்படி எழுதுவது வேறு. இதனை நாங்கள் வகுப்பறையில் கற்கவில்லை, குழாயடியில் கற்றோம்.

சென்ற ஆண்டு, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, தோட்டத்துக் குழாய்க்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை எழுதும் பணி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழாயில் வருவது செடிகளுக்கு ஊற்றும் நீர், குடிக்க உகந்ததன்று. நாங்களும் மிகுந்த ஊக்கத்தோடு, இளமஞ்சள் பலகையில் ரோஜா வண்ணத்தில், ‘அன்புடையீர்! இக்குழாய் நீர் அருந்துவதற்கு உரியதன்று என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று வளைத்து வளைத்து எழுதினோம். நான்கு மூலைகளிலும் மல்லிகைக் கொடி வரைந்தோம். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். இரண்டாம் வாரத்தில், முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி அந்நீரைக் குடித்துவிட்டு, வயிற்றுப்போக்கினால் ஐந்து நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்கள். அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பலகை அவள் தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் இருந்தது. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவ்வமயம் எங்களுக்குக் கைகொடுத்தவர், எம் பள்ளியின் பழைய மாணவியான ஓர் அக்காள். அவர் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு பயில்கிறார். கும்மிடிப்பூண்டியில் யூனிட் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் நடந்தே போய்விடலாம். 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய அக்கல்லூரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். இப்போது அது இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அக்காள் சில சனிக்கிழமைகளில் வந்து, தாம் பயின்றவற்றுள் எங்களுக்கு எட்டக்கூடியவற்றைச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் பாடம் புள்ளி. சதுரமான வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். இதென்ன, நாங்கள் மார்கழி முழுதும் வைக்கும் புள்ளிதானே என்று சிரித்தோம். நடுவில் வைத்தால் புள்ளி அமைதியாக இருக்கிறது. மூலைக்குத் தள்ளினால் தாளைவிட்டு ஓடப் பார்க்கிறது. இரண்டு வைத்தால் கண் தானாகவே இடையில் கோடு போட்டுக்கொள்கிறது. இப்படிப் புள்ளி, கோடு, உருவம், வண்ணம் என்று அடிப்படையிலிருந்து தொடங்கும் முறையை, 1919-இல் ஜெர்மனியில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி புகழ்பெறச் செய்தது. அப்பள்ளி 1933-இல் மூடப்பட்டது; பாடம் மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது.

அடுத்தது வெற்றிடம். எழுதாமல் விடும் இடமும் எழுத்தைப் போலவே பேசுகிறது என்றார் அக்காள். எங்கள் மல்லிகைக் கொடி அந்த இடத்தையெல்லாம் தின்றுவிட்டது. (எங்கள் ஊர்த் திருமண அழைப்பிதழ்களைப் பார்த்தால் வெற்றிடத்திற்குக் கட்டணம் உண்டோ என்று தோன்றும். அது கிடக்கட்டும்.) வண்ணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. எங்கள் பலகையை அலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்துக் காட்டினார். பலகை இருந்தது; எழுத்தைக் காணோம்! ரோஜாவும் இளமஞ்சளும் வேறு வேறு நிறங்களே ஆயினும், இரண்டும் வெளிர் நிறங்கள். ஒன்றன்மேல் ஒன்று எடுத்துக் காட்டுவதற்கு ஒன்று அடர்த்தியாகவும் மற்றது வெளிறியும் இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளில் மஞ்சள்மேல் கறுப்பு வருவது இதனால்தான்.

எங்களை மிகவும் கவர்ந்தது எழுத்தைப் பற்றிய பாடமே. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும்; ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். அக்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளியே அடையாளம். புள்ளி போனால் ‘மெல்’ எது, ‘மேல்’ எது என்று படிப்பவர்தாம் ஊகிக்க வேண்டும். இந்த இடர்ப்பாட்டை நீக்க, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பையும், ஏகார ஓகாரங்களுக்கு இன்றைய வடிவையும் அமைத்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவரைத் தேம்பாவணி பாடிய புலவராக மட்டும் நாங்கள் படித்திருந்தோம். அவர் வரைகலைஞரும் ஆவார் என்று அக்காள் சொன்னதும் பின்வரிசையில் இருந்த சிஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை!

அவருக்கும் முன்பே, 1578-இல் கொல்லத்தில், என்றிக்கே என்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. ஓலைக்கு வளைந்து கொடுத்த எழுத்து, ஈய அச்சுக்கும் இணங்க வேண்டியதாயிற்று. அச்சுக் கோப்பவர்க்கு ஒவ்வொரு தனி வடிவமும் ஒரு தனி அறை. வடிவங்கள் குறைந்தால் வேலையும் குறையும். பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தின்படி, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவை 1978-இல் தமிழக அரசு மாற்றி ஆணையிட்டது. எங்கள் பாட்டிமார் சிலர் இன்றும் லை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை வைத்தே எழுதுகிறார்கள். அதைப் பிழை என்று எண்ணியிருந்த நாங்கள் இப்போது விரும்பிப் பார்க்கிறோம்.

இதனிடையே எங்களுள் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இதையே படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். ‘படம் போட்டால் சோறு கிடைக்குமா?’ என்று கேட்டாராம் அப்பா. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, அதிலுள்ள ரூபாய்க் குறியைக் காட்டினாளாம். அக்குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் பயின்று, தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தேவநாகரி ‘ர’ எழுத்தையும், நிமிர்ந்த கோட்டை நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் இணைத்து அவர் அமைத்த குறி, மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வடிவங்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 15-7-2010 அன்று அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. அப்பா நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாராம். இன்னும் விடை சொல்லவில்லை.

இனி எங்கள் பலகைக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது? ஜி.என்.டி. சாலையில் போகும் டாங்கர் லாரிகளின் பின்புறத்தைப் பார்த்து வரும்படி அக்காள் சொன்னார். சிவப்புச் சாய்சதுரத்தில் தீச்சுவாலை இருந்தால் எளிதில் தீப்பற்றும் திரவம். வெண்மையில் மண்டையோடு என்றால் நஞ்சு. மேற்பாதி வெண்மையும் கீழ்ப்பாதி கறுமையுமாக, சொட்டும் திரவம் கையை அரிப்பது போன்ற படம் இருந்தால் அமிலம் போன்ற அரிக்கும் பொருள். எந்த நாட்டு ஓட்டுநரும் அறியக்கூடிய குறிகள் இவை. 1969-இல் திறக்கப்பட்ட மெக்சிகோ நகரச் சுரங்க ரயிலிலும், படிக்கத் தெரியாதவர்க்கு உதவும் பொருட்டு, ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு படக்குறி வைத்தார்கள்.

நாங்கள் ஒரு கண்ணாடித் தம்ளர் வரைந்து, அதன்மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் போட்டோம். மிகச் சரி என்று எண்ணிக்கொண்டு அச்சிறுமியிடமே காட்டினோம். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘தம்ளர் கொண்டு வரக்கூடாது’ என்றாள். இத்தனை மாதங்களில் அவள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல். யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதே சரி. குழாயடியில் யார் தம்ளரில் குடிக்கிறார்கள்? எல்லாரும் கையைக் குவித்துத்தானே குடிக்கிறோம்!

ஆகவே குழாயின் அடியில் குவிந்த இரு கைகளும், குனிந்த ஒரு தலையும் வரைந்து, மேலே சிவப்பு வட்டமும் கோடும் போட்டோம். முகத்திற்குக் கண், மூக்கு, பொட்டு எல்லாம் வைத்திருந்தோம். அக்காள் ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். கீழே ‘குடிக்காதே’ என்று ஒரே சொல். பத்தடித் தொலைவுக்கு ஓரங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுவோரிடம் வழங்கும் கணக்கு; தமிழ் எழுத்தில் சுழிகள் மிகுதியாதலால் நாங்கள் இரண்டங்குலம் வைத்தோம். முதல் வகுப்பிலிருந்து ஏழு குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினோம். ஆறு பேர் சரியாகச் சொன்னார்கள். ஏழாவது குழந்தை, ‘அக்கா வாந்தி எடுக்கிறார்கள்’ என்றது. அப்படி நினைத்தாலும் குடிக்கமாட்டாள் அல்லவா என்று விட்டுவிட்டோம்.

இப்போது அப்பலகை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு சிறுமியின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பெரியவர்கள்தாம் குனிந்து பார்க்க வேண்டும். வேதியியல் ஆய்வகப் புட்டிகளுக்கும் இவ்வாறே குறி ஒட்டித் தரும்படி சிஸ்டர் கேட்டிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு புட்டிகள், அமிலத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.