பாட்டி சொன்ன சொல்லைத் திருத்தாதீர்கள்



2024 ஜூலையில் கேரளத்துக் கல்லூரிகளில் நாலாண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் நாலாம் ஆண்டில் ஓர் ஆசிரியரின் கீழ் ஆய்வேடு எழுதலாம். முன்பெல்லாம் பெரும்பாலும் முதுகலையில்தான் கிடைத்த வாய்ப்பு இது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை, தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் என் திண்ணைக்கு வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். தமிழோ மலையாளமோ வரலாறோ படிக்கிறார்கள். “ஆய்வுக்கு எது எடுக்கலாம் சாரே?” என்பதே எல்லோருடைய முதல் கேள்வி. அவர்களிடம் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

1. தலைப்பைச் சுருக்குங்கள். ‘தோள்சீலைப் போராட்டம்: ஓர் ஆய்வு’ என்று ஒரு பெண் எழுதி வந்தாள். திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்த அறிவிப்பு 1859 ஜூலை 26-ல் வந்தது. அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. அதை ஓர் ஆண்டில் எழுத முடியாது. அதற்குப் பதிலாக, உங்கள் ஊர்க் கிறிஸ்தவச் சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால், அதில் பத்து ஆண்டுப் பக்கங்களை மட்டும் எடுங்கள். தகப்பன் பெயர் என்ன, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஓர் ஆய்வேட்டுக்கு அது போதும்.

2. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மாணவனாக இருந்தபோது மலையோர ஊர் ஒன்றில் வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவரிடம் இரவிக்குட்டிப் பிள்ளை கதையைக் கேட்டு எழுதினேன். நாலு இரவு பாடினார். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். எனக்கு அது பிழையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ‘நல்ல தமிழாக’ மாற்றிச் சுத்தப்பிரதி எடுத்தேன். கிறுக்கி எழுதியிருந்த நோட்டு பழைய பேப்பரோடு போயிற்று. அடுத்த வருஷம் என் வழிகாட்டி ஓரிடத்தில் விரலை வைத்து, “இங்கே அவர் ‘சொல்லிச்சு’ என்று பாடினாரா, ‘பறஞ்ஞு’ என்று பாடினாரா?” என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி அண்ணாவியைத் தேடிப் போனேன். ஆடி மழையில் காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள்.

அந்தக் கதையைத் தமிழ் அறிஞர்கள் தமிழ்க் கதைப்பாடல் என்கிறார்கள், மலையாள அறிஞர்கள் தெக்கன் பாட்டு என்கிறார்கள். இந்த வழக்குக்குச் சாட்சி அந்தக் கலவைச் சொற்கள்தான். என் கையாலேயே அதை அழித்தேன். இன்றைக்கும் அந்த நோட்டின் நீல அட்டை கண்முன் வருகிறது.

நம் ஊர்ச் சொல் ஒவ்வொன்றும் தகவல். மரவள்ளிக்கிழங்கை வடக்கே போனால் கப்ப என்கிறார்கள். மதுரைப் பக்கம் நாம் சொல்லும் பெயரே புரியாது. பாறசாலையில் தமிழ் பேசுகிற வீட்டிலும் மலையாளம் பேசுகிற வீட்டிலும் அது மரச்சீனிதான். அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்ற பெயர்களில் இருக்கிற ‘விளை’, மரமும் பயிரும் வைக்கிற மேட்டு நிலம். ஒரே ஒரு வார்டில் விளை, கோணம், ஏலா என்று முடிகிற நிலப்பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று நடந்து எழுதினாலே நல்ல ஆய்வு ஆகும். பேச்சை எழுத்தாக்கித் தருகிற கைப்பேசி வசதியை இதற்கு நம்ப வேண்டாம். நம் பேச்சையும் அது பாடப்புத்தகத் தமிழாக்கிவிடும். ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு கையால் எழுதுங்கள்.

3. கொல்லம் ஆண்டைப் படித்துக்கொள்ளுங்கள். “தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல வீடு போச்சுன்னு அம்மை சொல்லுவா” என்று ஒரு பாட்டி சொன்னதை, ஒரு பையன் 1999 என்று எழுதி வந்தான். அவள் சொன்னது கொல்லம் 1099 ஆடி, அதாவது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாள் பிறக்கும். அன்று முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் 825. திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை போட்ட பழைய நில ஆதாரங்களில் எல்லாம் இந்தக் கணக்குதான். எழுதும்போது இரண்டு ஆண்டையும் போடுங்கள்.

4. வாரம் இரண்டு பக்கம் எழுதி வழிகாட்டியிடம் கொடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

5. எல்லைக்கோடு உங்கள் நோட்டை வெட்டக்கூடாது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்டும் கிடைக்காமல் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டுக்கு எழுபது வயதுகூட இப்போதுதான் ஆகிறது. ஏடுகளும் கல்வெட்டுகளும் அதற்கு மிகவும் மூத்தவை.

பாசனுடைய சமஸ்கிருத நாடகங்கள் தொலைந்துவிட்டன என்றே உலகம் நினைத்திருந்தது. 1909-ல் த. கணபதி சாஸ்திரி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரையில் அந்த நாடகங்கள் இருந்த ஓர் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார். மொழி சமஸ்கிருதம், எழுத்து மலையாளம், கிடைத்த ஊர் இன்று தமிழ்நாடு. 1912 முதல் அவற்றைத் திருவனந்தபுரத்தில் அச்சிட்டார். பாசன்தான் எழுதினானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இன்னும் பக்கத்தில் முன்சிறையை அடுத்த பார்த்திவபுரம். 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச் சாலை அமைத்தான். அதைச் சொல்லும் செப்பேட்டில் மாணவர் ஒழுங்குக்கும் விதிகள் உண்டு. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். நமக்கு முன்னே இந்த மண்ணில் ஏடு தூக்கிய பிள்ளைகள் அவர்கள். களியக்காவிளையில் பஸ் மாறி ஒருநாள் போய் அந்தக் கோயில் முற்றத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.

6. பழைய நூல்களை யாருக்காக எழுதினார்கள் என்று கேளுங்கள். மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871-ல் நம் ஊர்களைப் பற்றி எழுதியபோது படிக்கப்போகிறவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். நாகம் ஐயா 1906-ல் திருவிதாங்கூர் மானுவலை எழுதியபோது அவர் அரசாங்க அதிகாரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒருவர் விரித்துச் சொல்லும் இடத்தில் மற்றவர் சுருக்கிக்கொள்வது தெரியும். அந்த இடங்களைக் குறித்து வையுங்கள்.

7. வழிகாட்டிக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். “எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்” என்கிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை எங்கே இருந்தது, அங்கே அவன் ‘கலம் அறுத்தது’ கப்பலையா, சோற்றுக் கலத்தையா? நூறு ஆண்டாகக் கேட்கிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதைப் பற்றி எழுதினார். இன்னும் முடிவாகவில்லை.

8. ஏடுகளுக்கு முன் ஆட்களிடம் போங்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும், தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்டவர்களில், அன்று பத்து வயது ஆனவர்கூட இன்று எண்பதைக் கடந்துவிட்டார். ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

9. பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். சாதியும் சொத்தும் வழக்கும் பேச்சில் வரும். பெயர் போடலாமா என்று தனியே கேளுங்கள். வேண்டாம் என்றால் போடக் கூடாது, அது எவ்வளவு நல்ல சான்றாக இருந்தாலும். பழைய ஆதாரத்தை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டாம். முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், மடிப்பு விட்ட இடத்தைக் கையால் நீவாதீர்கள். எடுத்து முடித்ததும் அது இருந்த மஞ்சள் பையிலேயே, இருந்த மடிப்பிலேயே வைத்து அந்த வீட்டு அம்மையின் கையில் கொடுங்கள். ஆய்வேடு முடிந்த பிறகு ஒரு பிரதியோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், அவர் சொன்ன பக்கத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அப்போது அவர் திருத்தம் சொல்வார். பேனா கொண்டுபோக மறக்காதீர்கள்.