ஐப்பசிக் காற்றும் சிவப்புக் கூன்வண்டும்

தென்னை வைத்திருப்பவர்கள் இந்த மாதம் தோப்பை ஒருமுறை சுற்றிவந்து, காயம்பட்ட மரங்களைக் குறித்துவையுங்கள். மழைக்காற்றில் மட்டை முறிந்த இடம், காண்டாமிருக வண்டு குடைந்த குருத்து, அரிவாள் பட்ட தண்டு எல்லாமே கூன்வண்டுக்கு வாசல். 5 முதல் 20 வயது மரங்களை முதலில் பாருங்கள். அவைதான் அதிகம் அடிபடுகின்றன. பச்சை மட்டையை வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள்.

வண்டு கையில் கிடைத்தால் நிறத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். செம்பழுப்பாகவும் இருக்கும், கருமை ஏறியும் இருக்கும். முதுகின் முன்பகுதியிலுள்ள கரும்புள்ளிகள் வண்டுக்கு வண்டு மாறும். மூக்கைப் பாருங்கள். ஆணின் மூக்கின் மேல்புறம் குச்சம்போல மயிர் இருக்கும். பெண்ணின் மூக்கு வழவழப்பாக, சற்றே நீண்டு வளைந்திருக்கும். அந்த மூக்கால் காயத்தில் துளையிட்டுத்தான் அது முட்டை வைக்கிறது. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேலும் இடும். சில நாளில் பொரியும் காலில்லாத புழு, ஒன்று முதல் இரண்டரை மாதம் வரை தண்டின் உள்ளே தின்றுகொண்டே இருக்கும். பிறகு நாரைச் சுற்றிக் கூடு கட்டும். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய நான்கு மாதம். இப்போது வைத்த முட்டை மாசியில் வண்டாகிப் பறக்கும். அதே மரத்திலேயே அடுத்த தலைமுறையும் பெருகும் என்பதால், கொண்டை சாயும்வரை காத்திருந்தால் மரம் மிஞ்சாது.

தண்டில் ஓட்டை, பழுப்பு நீர்க்கசிவு, வெளியே தள்ளிய நார்ச்சக்கை, நடு மட்டைகள் மஞ்சளாவது ஆகியவை அடையாளங்கள். தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தமும் கேட்கலாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்து கொடுங்கள். குருத்தையொட்டிய மூன்று மட்டை இடுக்குகளில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் போட்டால் காண்டாமிருக வண்டு தடுக்கப்படும். கூன்வண்டின் வழியும் குறையும்.

கூன்வண்டைப் பிடிக்கும் கவர்ச்சிப் பொறியில் இருப்பது ஆண் வண்டு வெளியிடும் வாசனைப் பொருள். அதற்கு இரு பாலும் வரும், பெண் வண்டுகள் கூடுதலாக விழும். பொறி வாளியை இளமரங்களுக்கு நடுவே தொங்கவிடாதீர்கள். பொறியில் விழாத வண்டு பக்கத்து மரத்தில் இறங்கிவிடும். தோப்பு ஓரமே சரி.

பட்டுப்போன மரத்தை நிற்கவிடாதீர்கள். வெட்டி, பிளந்து, புழுவும் கூடும் மிஞ்சாமல் எரித்துவிடுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரையும் இந்த வாரமே கூட்டிக்கொண்டு செய்யுங்கள்.