மேளத்திற்கு இசையும் விளக்கு

ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் குற்றாலத்தில் அமைந்தது சித்திர சபை. ஆங்கு ஆடல் ஓவியமாக நிற்கின்றது. திருவிழாப் பந்தலில் நாம் காணும் விளக்கோவியமோ அசைகின்றது. மயில் தோகை விரிக்கின்றது, சக்கரம் சுழல்கின்றது. தென்காசித் தேரோட்டமாயினும் பொட்டல்புதூர்க் கந்தூரியாயினும் இவ்வோட்ட விளக்குகளின் முன் சிறுவர் கூட்டம் விலகுவதில்லை. இவ்வசைவை நிகழ்த்தும் கருவியை நாமே அமைக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

பழைய முறை எளிது. மரவுருளை ஒன்றில் செம்புத் தகடுகளை ஒட்டி, மோட்டாரால் சுழற்றுவர். தகட்டின்மேல் உரசும் தொடுகம்பி அவ்வவ் விளக்கு வரிசைக்கு மின்னோட்டம் தரும். உருளை நிமிடத்திற்கு 30 முறை சுழலின் ஒரு சுற்றுக்கு 2 நொடி. தகடு சுற்றளவில் காற்பங்கு எனின் அவ்வரிசை அரை நொடி எரியும். வங்கத்துச் சந்தன்நகர்க் கைவினைஞர் இவ்வுருளையைக் கொண்டே பெரும்புகழ் எய்தினர். மின்னணுவியல் பயிலாதார் செய்த இக்கணக்கை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் குறை ஒன்றுண்டு: தவில் விரைந்தாலும் உருளை தன் கதியிலேயே சுழலும். மேலும், திறந்த தகடுகளில் 230 வோல்ட் ஓடும். சாரல் பொழியும் குற்றாலத்தில் இஃது உயிருக்கே கேடு.

ஒளியைக் கையால் மீட்டும் எண்ணம் புதிதன்று. தாமஸ் வில்ஃபிரட் என்பார் 'கிளாவிலக்ஸ்' என்னும் ஒளிக்கருவியை 1922இல் நியூயார்க் மேடையில் இயக்கினார். நமக்கு அத்துணை பெரிய கருவி வேண்டுவதில்லை. 555, 4017, யு.எல்.என். 2003 ஆகிய மூன்று ஐ.சி.களும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகள் நான்கும் போதும்.

விரல் பொத்தானைத் தட்டுந்தோறும் விளக்கு ஒரு வரிசை நகர வேண்டும். பொத்தானை நேரே 4017உடன் இணைத்தால் ஒரு தட்டு மூன்றாகவும் நான்காகவும் எண்ணப்படும். உலோக முனைகள் தொடும்போது துள்ளுவதே காரணம். எனவே இடையில் 555ஐ ஒற்றைத் துடிப்புச் சுற்றாக அமைக்கிறோம். 100 கிலோ ஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இட்டால் துடிப்பின் நீளம் 1.1 × 0.1 = 0.11 நொடி. அதற்குள் நிகழும் துள்ளல் எண்ணில் சேராது. பொத்தானை அழுத்திப் பிடித்தலாகாது. விடும்போது மீண்டும் ஓர் எண் ஏறக்கூடும். தவிற்கோல் போலத் தட்டி எடுத்தலே முறை.

இத்துடிப்பு 4017இன் 14ஆம் காலுக்குச் செல்லும். 13ஆம் காலை எதிர்முனையில் இணைக்க வேண்டும். 3, 2, 4, 7 ஆகிய கால்கள் முறையே நான்கு வரிசைகள். 10ஆம் காலை 15ஆம் காலுடன் இணைத்தால் நான்காம் வரிசைக்கு அடுத்த தட்டில் மீண்டும் முதல் வரிசை எரியும். 4017இன் மென்மையான மின்னோட்டம் விளக்கைத் தாங்காது, அப்பணியை யு.எல்.என். 2003 ஏற்கும். அதன் ஒரு வழியில் அரை ஆம்பியர் வரை செல்லலாமெனினும் 300 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்துவது நன்று. பட்டைகளின் நேர்முனைகள் யாவும் 12 வோல்ட்டில் சேரும், எதிர்முனைகளே ஐ.சி.க்கு வரும்.

12 வோல்ட் தரும் அடாப்டரை நனையாத உள்ளறையில் வைத்து, கம்பியை மட்டும் பந்தலுக்கு நீட்டுக. இயக்குபவர் மேளக்காரரின் கை தெரியுமாறு அமர வேண்டும். ஒலிபெருக்கியை மட்டும் நம்பி விளக்கின் பின்புறம் அமர்ந்தால், தீர்மானம் வருவதை முன்னறிய இயலாது.