‘நீக்கு’ என்பது லிங்க் அல்ல, பட்டன்

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ‘நீக்கு’ என்றொரு லிங்க். கிளிக் செய்தால் பதிவு போய்விடும். டெமோவில் ஒழுங்காக ஓடும். கோடு ரிவ்யூவில் மாட்டும். ஏன்?

லிங்க் அனுப்புவது ‘கெட்’ கோரிக்கை. அது பார்ப்பதற்கு மட்டும். சர்வரில் எதையும் மாற்றக் கூடாது என்பது எச்டிடிபி விதி. அதை நம்பித்தான் தேடுபொறியின் கிராலரும் மெயில் ஸ்கேனரும் கண்ணில் பட்ட லிங்க்கையெல்லாம் திறந்து பார்க்கின்றன. 2005இல் வந்த கூகுள் வெப் ஆக்சிலரேட்டர், பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்து வைத்தது. ‘நீக்கு’ லிங்க்கும் அதில் அடக்கம். ‘பேக்பேக்’ போன்ற வலைச் செயலிகளில், பயனர் தொடாமலேயே தகவல்கள் அழிந்தன.

மாற்றுவது எப்படி?

1. லிங்க்கை எடுத்துவிட்டு, ‘போஸ்ட்’ அனுப்பும் சிறிய ஃபார்முக்குள் ஒரு பட்டன் வையுங்கள். டிசைனர் லிங்க் போலத்தான் தெரிய வேண்டும் என்றால், சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

2. லிங்க்கை அப்படியே வைத்து ஜாவாஸ்கிரிப்டால் ‘போஸ்ட்’ ஆக்கும் குறுக்குவழி வேண்டாம். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலோ, புதிய டேபில் திறந்தாலோ போவது பழைய ‘கெட்’தான்.

3. சர்வரிலும் பூட்டுங்கள். அந்த முகவரிக்கு ‘கெட்’ வந்தால் 405 என்று திருப்பி அனுப்புங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

4. சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கட்டாயம். இன்னொரு தளத்தின் ஃபார்மும் உங்கள் சர்வருக்கு ‘போஸ்ட்’ அனுப்ப முடியும். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் மூன்றிலும் இதற்கு வசதி தயாராக இருக்கிறது.

5. வேலை முடிந்ததும் 303 கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்புங்கள். ரிஃப்ரெஷ் செய்தாலும் அதே கோரிக்கை மறுபடி போகாது.

லாக்அவுட்டுக்கும் இதே கணக்குதான். ஜாங்கோ 4.1இல் எச்சரித்து, 2023 டிசம்பரில் வந்த 5.0இல் ‘கெட்’ வழி லாக்அவுட்டை எடுத்தேவிட்டார்கள். வெர்ஷன் ஏற்றியதும் லாக்அவுட் 405 காட்டினால், முதலில் டெம்ப்ளேட்டைப் பாருங்கள்.

மெயிலில் லிங்க்தான் அனுப்ப முடியும் என்றால், அது ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அங்கே ‘உறுதிசெய்’ பட்டன் இருக்கட்டும்.

இன்டர்வியூவில் ‘கெட்’டுக்கும் ‘போஸ்ட்’டுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். “முகவரியில் தெரியும், தெரியாது” என்று நிறுத்தாதீர்கள். எதைத் திரும்பத் திரும்ப அழைத்தாலும் ஆபத்தில்லை, எது தகவலை மாற்றும் என்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த கேள்வி தானாக ஆழமாகும்.