சட்டைப்பையும் இருதயமும்



வியாதியஸ்தரை விசாரிக்க வருவதை, தமக்கே செய்ததாக மத்தேயு 25-இல் நம் ஆண்டவர் எண்ணிக்கொள்கிறார். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடிப் பக்கத்துச் சபையார் இந்த ஊழியத்தில் குறை வைப்பதில்லை. ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் ஜெபித்தால், அங்கே எட்டு செல்போன்களும் இருக்கின்றன. இதனால் மெஷினுக்குக் கெடுதல் உண்டா என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள்.

உண்டு, மிக அருகில் கொண்டுபோனால். 2007-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் தீவிர சிகிச்சைக் கருவிகள் 61-ஐச் சோதித்தபோது 26 கருவிகளில் கோளாறு கண்டார்கள். வென்டிலேட்டர் நின்று மறுபடி ஓடியதும், மருந்து செலுத்தும் பம்ப் அலாரம் இல்லாமலே நின்றதும் அதில் அடங்கும். பெரும்பாலும் போன் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் இருந்தபோதே இப்படி நடந்தது. டவர் தூரமாயிருந்தாலும், சுவர் தடித்திருந்தாலும் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே சிக்னல் குறைந்த வார்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காரியம் வேறு. அது பெரும்பாலும் இடது காறை எலும்பின் கீழ் வைக்கப்படுகிறது. நம் ஆண்கள் போன் வைக்கும் சட்டைப்பையும் அதற்குச் சற்றுக் கீழேதான்! 1997-இல் அமெரிக்காவில் 980 பேரிடம் சோதித்தார்கள். போனைக் காதில் வைத்துப் பேசியபோது கவலைப்படத்தக்க கோளாறு ஒருவருக்கும் வரவில்லை. பேஸ்மேக்கரின் மேலே பிடித்தபோதே தொல்லை அதிகம். இப்போது காந்தம் பதித்த போன்களும் வந்துவிட்டன. 2020-இல் வெளியான ஐபோன் 12-ஐ ஒரு நோயாளியின் மார்பருகே கொண்டுபோனபோது, உள்ளே இருந்த ஐசிடி கருவி தன் வேலையை நிறுத்திவைத்ததை மறு வருஷம் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். ஐசிடி என்பது இருதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி.

இதைக் கேட்டுப் போனையே தொடமாட்டோம் என்று பயப்படுகிற தாய்மாரும் உண்டு. கடலுக்குப் போன மகனின் குரல் கேட்காமல் தவிப்பதும் இருதயத்துக்கு நல்லதல்லவே! அம்மா, தாராளமாகப் பேசுங்கள். கருவிக்கும் போனுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கருவி இடப்பக்கம் என்றால் வலது காதில் வைத்துப் பேசுங்கள். தூங்கும்போது மார்பில் வைக்கவேண்டாம்.

விசாரிக்க வருகிறவர்களுக்கு இன்னொன்று. சார்ஜ் போடுவதற்காகக் கட்டிலருகே உள்ள எந்தப் பிளக்கையும் பிடுங்காதீர்கள். அலையைவிட எங்களுக்கு இந்தப் பயமே அதிகம். நர்ஸம்மாவைக் கேளுங்கள், வராந்தாவில் இடம் காட்டுவார்கள்.