தணிக்கை நோட்டீஸும் குமாஸ்தாவும்

டிப்ளமோ முடித்ததும் வக்கீல் ஆபீசுக்கோ ஆடிட்டர் ஆபீசுக்கோ போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வக்கீல் குமாஸ்தாவைத்தான் இப்போது பாராலீகல் என்கிறார்கள். அதிகாரி முன் ஆஜராவது நம் வேலை இல்லை. வக்கீல், ஆடிட்டர் என்று யார் யார் ஆஜராகலாம் என்பதை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 116-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வேலைதான் நம்முடையது.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் அத்துப்படி. ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போக மாட்டார்கள். நோட்டீஸோ போர்ட்டலில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று தனியாக ஒரு பகுதி இருந்தது, அதைப் பலர் திறந்ததே இல்லை. "நோட்டீஸையே பார்க்கவில்லை" என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் ஏராளம். பல வழக்குகளில் உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். ஆனால் சும்மா இல்லை, தகராறு வரியில் 10 சதவீதம் கட்டச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பார்த்திருந்தால் இந்தச் செலவு எதற்கு?

தணிக்கை என்றால் 65-ஆம் பிரிவுப்படி குறைந்தது 15 வேலை நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். அந்த 15 நாள்தான் நமக்குப் பொன். மாலையில் நான் உதவிக்குப் போகும் ஆபீசில், முதலில் நோட்டீஸைத் தமிழில் விளக்கிச் சொல்வோம். எங்க வீட்ல சர்க்கார் கவர் வந்தா படிச்சுச் சொல்ல ஆளிருக்காது; கடைக்காரர் முகத்திலும் அதே கலக்கம்தான்! பிறகு பர்ச்சேஸ் பில்களை மாதவாரியாக அடுக்கி, ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்போம். சரக்கு விற்றவர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவரின் உள்ளீட்டு வரிக்குத்தான் ஆபத்து. அதனால் பட்டியலில் இல்லாத பில்லுக்கு உடனே அவருக்குப் போன் போட வேண்டும். ஆபீசில் எதைக் கொடுத்தாலும் நகலாகக் கொடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

"பழைய தேதி போட்டு ஒரு பில் அடிச்சுடு தம்பி" என்று கேட்பவர்களும் உண்டு. முடியாதுண்ணே என்று சொல்லிவிடுங்கள். வரி ஏய்க்கப் பொய்க் கணக்கு காட்டினால் 132-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. உடந்தையாக இருப்பவருக்கும் அதுதான்.

பாதகமான உத்தரவு வந்தால், வந்த தேதியை அன்றைக்கே டைரியில் குறியுங்கள். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேல்முறையீட்டு அதிகாரியே நினைத்தாலும் மனுவை ஏற்க முடியாது.